ஆறாவது ரவுண்டுக்குப் பத்து சென்ட்

இன்னைக்கு எபிசோட் ஒரு பெட்டியைப் பத்தி. காசு கொடுத்து, குனிஞ்சு, ஒரு கண்ணாடித் துளை வழியா ஓடுற படத்தைப் பாக்குற பெட்டி. சினிமாவோட பாட்டன்னு சொல்லலாம். அந்தப் பெட்டிக்குள்ள விளையாட்டு எப்படி வந்தது, இன்னைக்கு அதைச் சேகரிக்கிறவங்க எதைச் சேகரிக்கிறாங்க, இதுக்கும் நம்ம தாமிரபரணிக் கரைக்கும் என்ன சம்பந்தம்னு பாப்போம்.

1894 ஏப்ரல் 14. நியூயார்க், பிராட்வே, 1155ஆம் எண் கடை. உள்ளே வரிசைக்கு ஐந்தா, இரண்டு வரிசையில பத்து மரப்பெட்டிகள். நாலடி உயரம் இருக்கும். பேரு கினெட்டோஸ்கோப். தாமஸ் எடிசனோட ஆய்வுக்கூடத்துல டிக்சன் என்கிற உதவியாளர் பாடுபட்டு உருவாக்கினது. உள்ளே சுமார் 50 அடி பிலிம், முனையோட முனை ஒட்டி ஒரு வளையமா, உருளைகள் மேல சுத்திக்கிட்டே இருக்கும். கீழே ஒரு பல்பு, மேலே ஒரு லென்ஸ், நடுவுல ஒரு சின்னக் கீறல் போட்ட சக்கரம். ஒரு நேரத்துல ஒரு ஆள்தான் பாக்க முடியும். 25 சென்ட் கொடுத்தா ஒரு வரிசை, அதாவது ஐந்து படம்.

இதுல ஒரு வேடிக்கை. காசு போட்டா ஓடுற பெட்டின்னுதான் எல்லாரும் இதைச் சொல்லுவாங்க. ஆனா அந்த முதல் கடையில காசைப் போட்டதும் ஓடுற ஏற்பாடு கிடையாது. வாசல்ல காசு வாங்கிக்கிட்டாங்க, உள்ளே ஒரு ஆள் நின்னு ஒவ்வொரு பெட்டியா சுவிட்ச் போட்டார். காசுத் துளை அப்புறமா வந்த வசதி. இதை மனசுல வச்சுக்கோங்க, நம்ம ஊருக்கு வரும்போது வேணும்.

அந்தப் பத்துப் பெட்டியில என்ன படம் ஓடினது? முடிதிருத்தும் கடை, கொல்லர் பட்டறை, குதிரைக்கு லாடம் அடிக்கிறது. அதோட ஒரு மல்யுத்தம், ஒரு டிரபீஸ் வித்தை, ஒரு சேவல் சண்டை. ஆமா, சேவல் சண்டை! அப்புறம் சாண்டோ. யூஜின் சாண்டோ, அந்தக் காலத்துல உலகமே பேசின உடற்கட்டுக்காரர். அந்த வருஷம் மார்ச் 6ஆம் தேதி எடிசனோட ஸ்டுடியோவுக்கு வந்து, சட்டையில்லாம நின்னு தசையை முறுக்கிக் காட்டிட்டுப் போனார். 1904, 1905இல் இந்தியாவுக்கும் வந்து ஊர் ஊரா நிகழ்ச்சி நடத்தினார். தமிழ்ல அவர் இன்னும் இருக்கார். கை இல்லாத பனியனுக்கு நம்ம ஜவுளிக் கடையில என்ன பேரு? சாண்டோ பனியன். சின்னப்பா தேவர் பேருக்கு முன்னாடி என்ன? சாண்டோ. காசுப் பெட்டிக்குள்ள முதல்ல நின்ன ஆள்கள்ல ஒருத்தர், இன்னைக்கும் டவுன் ரத வீதியில ஹேங்கர்ல தொங்குறார்.

ஆக விளையாட்டு அப்புறமா வந்து சேர்ந்த விஷயம் இல்லை. கடை திறந்த அன்னைக்கே உள்ளே இருந்தது. காரணமும் லேசானது. இருபது விநாடியில கதை சொல்ல முடியாது. ஒரு உடம்பு அசையறதைக் காட்டலாம்.

இனிமேதான் பணம் நுழையுது. லேதம் குடும்பத்து அண்ணன் தம்பிகள் இரண்டு பேர், ஓட்வே, கிரே. இவங்களும் இவங்க கூட்டாளிகளும் எடிசன்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு: பெட்டியைக் கொஞ்சம் பெருசாக்கிக் கொடுங்க, 150 அடி பிலிம் கொள்ளணும், குத்துச்சண்டையில ஒரு முழு ரவுண்டு காட்டணும். 1894 ஜூன்ல மைக் லெனார்ட், ஜாக் குஷிங் இரண்டு பேரையும் 'பிளாக் மரியா'ங்கிற அந்தத் தார் பூசின ஸ்டுடியோவுக்குள்ள இறக்கினாங்க. அந்தக் கட்டடமே ஒரு அதிசயம். வெயில் போற திசைக்கு ஏத்தமாதிரி மொத்தக் கட்டடத்தையும் சுத்தித் திருப்பலாம். அதுக்குள்ள ஒரு நிமிஷ ரவுண்டா ஆறு ரவுண்டு. ஆகஸ்ட்ல கடை திறந்தாங்க. ஆறு பெட்டி, பெட்டிக்கு ஒரு ரவுண்டு, ரவுண்டுக்குப் பத்து சென்ட். முழுச் சண்டையும் பாக்கணும்னா 60 சென்ட்.

நிறைய பேர் நேரா ஆறாவது பெட்டிக்குப் போனாங்கன்னு சொல்லுவாங்க. குஷிங் விழறது அதுலதானே. முதல் அஞ்சுக்கு எதுக்குக் காசு? இன்னைக்கு நாம முழு மேட்ச் பாக்காம கடைசி ஓவர் மட்டும் போன்ல தட்டிப் பாக்குறோமே, அதேதான்.

செப்டம்பர்ல அடுத்தது. உலக சாம்பியன் ஜேம்ஸ் கார்பெட், எதிர்ல பீட்டர் கோர்ட்னி. எத்தனையாவது ரவுண்டுல ஆள் விழணும்னு முன்னாடியே பேசி வச்ச சண்டை. ஆறாவதுல விழுந்தார், பின்ன எங்க விழுவார்? கார்பெட்டுக்குக் கையில ஒரு தொகை, அதுபோகப் பெட்டி ஓட ஓட வருமானத்துல பங்கு. நியூ ஜெர்சியில அப்போ பரிசுக் குத்துச்சண்டை சட்டவிரோதம், அதனால கோர்ட்டு விசாரணை வேற வந்தது. அதுவும் விளம்பரமாத்தான் போச்சு.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். லேதம் கூட்டத்துக்கு ஒரு நிமிஷம் பத்தலை. முழுச் சண்டையையும் நிறுத்தாம எடுக்கணும், பெட்டியை விட்டு வெளியே வந்து திரையில போட்டு நூறு பேர்கிட்ட ஒரே நேரத்துல காசு வாங்கணும். இதுக்கு ஒரு எந்திரச் சிக்கல் இருந்தது. நீளமான பிலிம் சுருள் கனமா இருக்கும். லென்ஸ் முன்னாடி பிலிம் ஒவ்வொரு படத்துக்கும் நின்னு நின்னு போகணும். அந்த வெடுக்கு வெடுக்குன்னு இழுக்குற இழுப்பு கனமான சுருளை நேரடியா இழுத்தா பிலிம் அறுந்துடும். தீர்வு என்ன தெரியுமா? லென்ஸுக்கு மேலயும் கீழயும் பிலிமைக் கொஞ்சம் தொளதொளன்னு வளைச்சு விட்டுடு. இழுப்பை அந்த வளைவு வாங்கிக்கும். எங்க பாஷையில சொன்னா, பஃபர். 'லேதம் லூப்'னு பேரு வந்துடுச்சு. உண்மையில யார் யோசனைங்கிறதுல பின்னாடி பெரிய சண்டை, அது இன்னொரு எபிசோட். 1895 மே மாசம் கிரிஃபோ, பார்னெட் குத்துச்சண்டையை எடுத்துக் காசுக்குத் திரையில காட்டினாங்க. 1897இல் கார்பெட், ஃபிட்ஸிம்மன்ஸ் சண்டையை அந்தக் கூட்டத்துல இருந்து பிரிஞ்சு போன ஈனாக் ரெக்டர் 100 நிமிஷத்துக்கும் மேல எடுத்துட்டார்.

ரத்னாவிலயும் பார்வதியிலயும் பூர்ணகலாவிலயும் பிலிம் ஓடின காலத்துல, ஆபரேட்டர் அண்ணாச்சி ஒவ்வொரு ரீல் மாட்டும்போதும் மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு விட்டுத்தான் மாட்டியிருப்பார். லூப் சின்னதாப் போச்சுன்னா திரையில படம் துள்ளும், கீழே இருந்து விசில் பறக்கும். ஆறு ரவுண்டுச் சண்டையைப் பெட்டியில அடைக்க முடியாததுனால வந்த வளைவு, டிஜிட்டல் வர்ற வரைக்கும் திருநெல்வேலி ஜங்ஷன்ல தினம் நாலு ஷோ வேலை செஞ்சது.

திரை வந்தாச்சு. பெட்டி செத்துருக்கணும் இல்லையா? சாகலை. மியூட்டோஸ்கோப்னு இன்னொரு பெட்டி வந்து அதுக்கு மேல அரை நூற்றாண்டுக்கு மேல ஓடியது. ஹெர்மன் காஸ்லர் 1895இல் காப்புரிமை வாங்கினது. எடிசனை விட்டு வந்த அதே டிக்சனும் அந்தக் கம்பெனியில உண்டு. இதுல பிலிமே கிடையாது, மின்சாரமும் கட்டாயம் இல்லை. சுமார் 850 போட்டோ அட்டைகள், ஒரு உருளையைச் சுத்திப் பூ இதழ் மாதிரி செருகியிருக்கும். காசு போட்டு நாம கைப்பிடியைச் சுத்தணும். ஒரு சின்னக் கொக்கி ஒவ்வொரு அட்டையையும் ஒரு கணம் பிடிச்சு வச்சுட்டு விடும். சின்ன வயசுல நோட்டுப் புத்தக ஓரத்துல பொம்மை வரைஞ்சு கட்டைவிரலால படபடன்னு விட்டிருக்கோமே, அதையே இரும்புல செஞ்சா மியூட்டோஸ்கோப்.

இதுல பாக்குறவன் ராஜா. வேகமாச் சுத்தலாம், மெதுவாச் சுத்தலாம், குத்து தாடையில படற அந்த அட்டையில அப்படியே நிறுத்தி எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கலாம். ஸ்லோ மோஷன் ரீப்ளே வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடியே ரசிகன் கையில அது இருந்தது. குத்துச்சண்டை, பேஸ்பால் எல்லாம் இந்த உருளைகளுக்கு ஏத்த சரக்கா இருந்ததுல ஆச்சரியம் இல்லை.

இங்கதான் சேகரிப்பாளர்கள் வர்றாங்க. பழைய மியூட்டோஸ்கோப் ஏலத்துக்கு வந்தா இரண்டு ஜாதி ஆட்கள் மோதுவாங்க. ஒரு கூட்டத்துக்குக் காசு போடுற பழைய எந்திரம் எதுவா இருந்தாலும் சரி: எடை மெஷின், பாட்டுப் பெட்டி, எல்லாம். இன்னொரு கூட்டத்துக்கு விளையாட்டுதான் வேணும்: கையெழுத்துப் போட்ட மட்டை, பழைய டிக்கெட், வீரர் படம் போட்ட சீட்டு. விளையாட்டு உருளை உள்ளே இருக்கிற பெட்டி இரண்டு பேருக்குமே வேணும். ஆனா பெட்டி வார்ப்பிரும்பு, உருளை காகிதம். இரும்பு தங்கிடும். காகிதம் தேயும், கிழியும், நாலு அட்டை உதிரும். அதுவும் எந்த அட்டை முதல்ல தேயும்? எல்லாரும் நிறுத்தி நிறுத்திப் பாத்த அட்டை. அந்த உதை, அந்தக் குத்து. ரசிகன் எதை ரொம்ப விரும்பினானோ அதுதான் முதல்ல போகும். விளக்குக் கடையில வச்ச மாதிரி பளபளன்னு பெட்டியும் உள்ளே வெறும் உருளையும் பாக்கும்போது, என்னைப் பொறுத்தவரை அது கலெக்டிபிள் இல்லை, காலி டிபன் பாக்ஸ்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவுல 1912 வரைக்கும் சினிமாவுக்குன்னு தனிக் காப்புரிமைச் சட்டம் இல்லை. அதனால கம்பெனிகள் படத்தை அப்படியே காகிதச் சுருள்ல பிரிண்ட் போட்டு, 'இது போட்டோ'ன்னு சொல்லி அரசு நூலகத்துல கொடுத்து வச்சாங்க. யாரும் ஓட்டிப் பாக்கவே முடியாத சுருள்கள். அதனாலயே 3,000க்கும் மேற்பட்ட படங்கள் தப்பிச்சது. நம்ம பக்கத்துலயே இதுக்கு ஒரு ஜோடி இருக்கு. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரிச்ச 'மார்த்தாண்ட வர்மா', 1933, ஊமைப்படம். நாவலோட உரிமை வச்சிருந்த பதிப்பகம் வழக்குப் போட்டு, கோர்ட்டு பிரிண்டைப் பறிமுதல் பண்ணிடுச்சு. ஓடாம முடங்கிக் கிடந்தது. 1974இல் புனேயில இருக்கிற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னைக்கும் பாக்கலாம். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவோட முதல் கதைப்படம், ஊர் ஊரா ஓடினது. ஒரு அடி பிலிம் கூட மிச்சமில்லை.

சரி, காசு விஷயம். பிரிட்டன்ல கடற்கரைப் பொழுதுபோக்கு இடங்கள்ல மியூட்டோஸ்கோப் 1971 வரைக்கும் ஓடினது. அந்த வருஷம் நாணய முறை மாறினது, பழைய பென்னி செல்லாமப் போச்சு. பெட்டியோட தொண்டை பழைய காசு அளவுக்குச் செஞ்சது, மாத்துறது பெரும்பாடு. நிறைய பெட்டிகளை உடைச்சுப் போட்டுட்டாங்க.

நமக்கு அந்த மாற்றம் 1957 ஏப்ரல் 1இல் வந்தது. பதினாறு அணா போய் நூறு நயா பைசா. நம்ம பயாஸ்கோப் பெட்டிக்கு அதனால ஒரு கேடும் வரலை. ஏன்னா நம்ம பெட்டிக்குத் துளையில கை இருந்தது, காசு வாங்குற கை. காலணாவோ அஞ்சு நயா பைசாவோ, அதுவும் இல்லைன்னா ரெண்டு கை அரிசியோ, பெட்டிக்காரர் வாங்கிக்குவார். பிராட்வே முதல் கடை மாதிரியே. ஆனித் தேரோட்டத்துக்கும் ஆடி அமாவாசைக்கும் திருவிழாக் கடைகளோட கடையா அந்தத் தகரப் பெட்டி நிக்கும். கோயில் படம், தாஜ்மஹால், அப்புறம் தியேட்டர்ல கழிச்சுக் கட்டின பிலிம் துண்டுகள். பியூஸ் போன பல்புல தண்ணி ஊத்தி, கண்ணாடியில வெயிலைத் திருப்பி, தாத்தாவோட வேட்டியில எம்.ஜி.ஆர். காட்டின தலைமுறைக்கு அந்தத் துண்டோட மதிப்பு தெரியும். ஒரு எம்.ஜி.ஆருக்கு ரெண்டு சிவாஜியா, ஒரு சிவாஜிக்கு ரெண்டு எம்.ஜி.ஆராங்கிறது தெருவைப் பொறுத்தது.

விளையாட்டுல நம்ம ஊர்ப் பையங்க கையில கிடைச்சது காகித மியூட்டோஸ்கோப்தான். இங்கிலாந்துல 1930வாக்குலேயே பிராட்மேன் அடிக்கிறதைப் படபடன்னு விட்டுப் பாக்குற சின்னப் புத்தகம் வந்துடுச்சு. நமக்கு 'பிக் ஃபன்' பபிள்கம். உள்ளே கிரிக்கெட் வீரர் சீட்டு, பின்னாடி ரன்னோ விக்கெட்டோ. சொன்ன கணக்குக்குச் சேத்துக் கொடுத்தா ஒரு படபடப் புத்தகம் கிடைக்கும். நான் அதுக்கு அப்புறம் பொறந்தவன். எங்க சித்தப்பா வச்சிருந்த ஒண்ணைப் பாத்திருக்கேன். கட்டைவிரல் படற மூலை பூராவும் அழுக்கேறி உருண்டு போயிருக்கும், பந்து எல்லைக்குப் போற கடைசிப் பக்கங்களைக் காணோம். தொலைக்கலையாம், பாத்துப் பாத்தே போச்சாம்.

இவ்வளவும் சொல்ல வந்ததுக்குக் காரணம், அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து நம்ம நேயர் ஒரு அண்ணாச்சி அனுப்பின குரல் பதிவு. அவங்க அப்பா பயாஸ்கோப் பெட்டிக்காரர். பாபநாசம், திருச்செந்தூர், டவுன்னு திருவிழாவுக்குத் திருவிழா தலையில சுமந்து போனவர். பெட்டி இன்னும் பரண்ல இருக்கு. மூணு துளை, ரெண்டு பக்கமும் கைப்பிடி. உள்ளே ஆறு பிலிம் சுருள். ஒண்ணுல வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் மட்டையைத் தூக்குறார். வெளியூர்ல இருந்து ஒரு வியாபாரி வந்து, பெட்டியை வாங்கிக்கிறேன், ஹோட்டல் வரவேற்பறையில அலங்காரமா வைக்கணும், பிலிம் வேண்டாம் குப்பையில போடுங்கன்னாராம். 'தம்பி, கொடுக்கலாமா?'ன்னு அண்ணாச்சி கேட்டார்.

பெட்டியை விக்கிறது அண்ணாச்சி இஷ்டம். பிலிம் விஷயத்துல நான் உறுதியாச் சொன்னேன். முதல்ல, கைப்பிடியைச் சுத்திப் பாக்காதீங்க. காஞ்சுபோன பிலிமோட ஓரத் துளை ஒரு சுத்துல கிழிஞ்சுடும். ரெண்டாவது, சுருளோட வெளி முனையை மட்டும் வெளிச்சத்துல பிடிச்சு ஓரத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. 'நைட்ரேட்'னு இருந்தா அது தீப்பிடிக்கிற ரகம். ஓட்டுக்கு அடியில, இந்த வெயில்ல, பரண்ல அதை வச்சிருக்கவே கூடாது. தொட்டா பிசுபிசுன்னு ஒட்டினாலோ, பழுப்புத் தூளா உதிர்ந்தாலோ இன்னும் மோசம். 'சேஃப்டி'ன்னு இருந்தா அந்தப் பயம் இல்லை. ஆனா வினிகர் வாடை அடிச்சா அதுவும் சாகத் தொடங்கியாச்சுன்னு அர்த்தம். கோடாக் பிலிமா இருந்தா ஓரத்துல வட்டம், சதுரம், முக்கோணம்னு சின்னக் குறிகள் இருக்கும். அது பிலிம் தயாரான வருஷத்தைச் சொல்லும், இருபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே குறி திரும்ப வரும்.

அண்ணாச்சி பாத்துட்டு 'சேஃப்டி'ன்னார். அதனால என் கணிப்பு இது: பிலிம்ஸ் டிவிஷன் 1948இல் ஆரம்பிச்ச பிறகு எல்லாத் தியேட்டர்லயும் படத்துக்கு முன்னாடி அவங்க நியூஸ்ரீல் போட்டே ஆகணும். அதுல வெள்ளம், மந்திரி, அணைக்கட்டுக்கு அப்புறம் கடைசியில கொஞ்சம் விளையாட்டு வரும். தேஞ்சு போன பிரிண்ட் கழிவா வெளியே வரும்போது பெட்டிக்காரர் கைக்குப் போயிருக்கலாம். 1952 பிப்ரவரியில சேப்பாக்கத்துல இந்தியா தன்னோட முதல் டெஸ்ட் வெற்றியை எடுத்ததே, வினூ மன்கட் இங்கிலாந்தைச் சுருட்டின மேட்ச், அதுல இருந்து ஒரு துண்டா இருக்கணும்னு எனக்கு ஆசை. ஆசை ஆதாரம் ஆகாது.

சுருள் பத்தடி இருக்கும்னார். 35 மில்லிமீட்டர் பிலிம்ல அடிக்குப் பதினாறு படம். பத்தடின்னா 160. விநாடிக்கு 24ன்னு ஓட்டினா ஏழு விநாடிக்கும் குறைவு. ஆனா அவங்க அப்பாவோட பெட்டியில படம் நின்னு நின்னு போற அமைப்பு கிடையாது. அங்க படம் ஓடாது, மெல்ல நகரும். மட்டை ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா மேலே போகும். அந்த மட்டை கீழே இறங்கி முடியறதுக்கு முன்னாடியே சுருள் தீர்ந்துடும்னும், அதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு அப்பா ஒவ்வொரு திருவிழாவுலயும் வாயாலதான் சொல்லுவார்னும் அண்ணாச்சி சொன்னார். ஒரு வருஷம் சிக்ஸராம், ஒரு வருஷம் கிளீன் போல்டாம்.

ஓரக் குறியைக் கிட்டத்துல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். புனே காப்பகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தையும் சேர்ந்து தயார் பண்ணிட்டோம். வியாபாரிகிட்ட அண்ணாச்சி பெட்டிக்கு இன்னும் சரின்னு சொல்லலை.